தொம்மலூர் மல்லிகை அறை

கோமளம் நாற்காலியில் உட்காரவில்லை. தோளில் மாட்டியிருந்த பையைக்கூட இறக்காமல், அல்சூர் ஏரியைப் பார்த்த அந்த மாடி அலுவலகத்தின் நடுவில் நின்றபடியே பேசினார்.

"என் செடிங்களை எல்லாம் ஒருத்தன் வேக வெச்சிட்டான். யாருன்னும் எனக்குத் தெரியும். போலீஸ்ல போய்ச் சொன்னா, ஆதாரம் இருக்காம்மான்னு கேக்குறாங்க. அந்த ஆதாரத்தை நீங்க எடுத்துக் குடுக்கணும்."

மேசைக்குப் பின்னால் இருந்த ஜோசஃபின் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்ஷூரன்ஸ் நிறுவனங்களுக்காகத் தீப்பிடித்த கட்டடங்களையும் கருகிப்போன மோட்டார்களையும் ஆராய்ந்தே பாதி வாழ்க்கையைக் கழித்தவர் அவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். மின்கம்பி ஏதாவது சம்பந்தப்பட்ட புதிர் என்றால் பெங்களூரில் பலரும் அவரைத்தான் தேடி வருவார்கள்.

"ஆதாரம் எடுத்துக் குடுக்குற வேலை நான் செய்யறதில்லை. என்ன நடந்ததுன்னு பாக்குறதுதான் என் வேலை. பாத்த பிறகு அது யாருக்கு ஆதாரமா அமையுதோ, அமையட்டும். முதல்ல உக்காருங்க."

பக்கத்து மேசையில் இருந்த உத்தமன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். அவன் ஜோசஃபினின் உதவியாளன். சென்னையில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தவன். மாற்றலாகிப் பெங்களூர் வந்ததும் அந்த வேலை அலுத்துப்போய் இங்கே சேர்ந்துகொண்டான். ஒரு வழக்கையாவது ஜோசஃபின் வாயைத் திறப்பதற்கு முன் தான் முடித்துக் காட்டிவிட வேண்டும் என்பது அவனுடைய ஆசை. கம்ப்யூட்டர் என்ற சொல் கோமளத்தின் வாயிலிருந்து வந்தபோது, அந்த நாள் இதுதான் என்று அவனுக்குத் தோன்றியது.

கோமளம் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். வேலையை விட்டுவிட்டு, தொம்மலூரில் தன் வீட்டுக் கீழ்த்தளத்தைச் செடி வளர்க்கும் ஆய்வுக்கூடமாக மாற்றியிருந்தார். செடியின் நுனியில் ஒரு துணுக்கை வெட்டி, கண்ணாடிப் புட்டிக்குள் சத்துக் கூழில் வைத்து வளர்ப்பார்கள். அப்படி ஏழு வருடம் பாடுபட்டு அவர் ஒரு புது மல்லிகையை உண்டாக்கியிருந்தார்.

"குளிர் வந்தா மல்லி பூக்காது. மார்கழியில ஒரு முழம் என்ன விலை விக்குதுன்னு உங்களுக்கே தெரியும். என் மல்லி மார்கழியிலதான் பூக்கும்" என்றார் கோமளம். "அடுத்த மாசம் மண்ணுல நடப்போறேன்னு இருந்தேன். புட்டி முழுக்க வேர் விட்டு, இடம் பத்தாம நின்னுச்சு. தாய்ச்செடி போன மழையில அழுகிப்போச்சு. இந்தப் புட்டிங்கதான் மிச்சம். இப்ப அதுவும் இல்லை."

அந்த அறையின் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் ஒரு கம்ப்யூட்டர்தான் பார்த்துக்கொண்டது. குளிர்ந்தால் ஹீட்டரைப் போடும். சூடேறினால் அதை அணைத்துவிட்டு ஃபேனைப் போடும். விடிந்ததும் செடிகளுக்கான ரோஜா நிற விளக்கை ஏற்றி, இரவில் அணைக்கும். இதற்கான புரோகிராமை எழுதியவன் கவின் என்ற இளைஞன். வெள்ளிக்கிழமைதான் அவன் வேறு கம்பெனிக்குப் போகப்போவதாகச் சொல்லியிருந்தான். கோமளத்துக்குக் கோபம் வந்து, வாய்த் தகராறு ஆகிவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் அவர் ஒரு கல்யாணத்துக்காகக் கிருஷ்ணகிரி போனார். திங்கட்கிழமை அறையைத் திறந்தபோது அது அடுப்பு மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை பூரா அவன் பொம்மனஹள்ளியில தன் ரூம்ல உக்காந்துக்கிட்டு எங்க கம்ப்யூட்டருக்குள்ள நுழைஞ்சிருக்கான். அதுலயே பதிவாயிருக்கு. இன்னும் என்ன வேணும்?"

"அறைச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார் ஜோசஃபின்.

"என்கிட்ட ஒண்ணு, நரேஷ்கிட்ட ஒண்ணு. நரேஷ் என் பார்ட்னர். ஆர்டர் பிடிக்கிறது, சாமான் வாங்குறது எல்லாம் அவர்தான். சனிக்கிழமை சாயந்திரம் ஷில்பா போன பிறகு அவர்தான் பூட்டினார். ஷில்பா எங்க உதவியாள். கவினுக்குச் சாவி எதுக்கு? இருந்த இடத்துல இருந்தே எல்லாத்தையும் ஆட்டி வைப்பானே அவன்."

"அந்தப் பையனையும் அங்க வரச் சொல்லுங்க. நாங்க இப்பவே கிளம்பறோம்."

தொம்மலூரில் அலுவலகக் கட்டடங்களின் கண்ணாடிச் சுவர்களுக்குப் பின்னால், பழைய ஊர்ப் பக்கத்துக் குறுகலான தெருவில் இருந்தது கோமளத்தின் வீடு. ஆட்டோவிலிருந்து அவர்கள் இறங்கியதும் எதிர்வீட்டு மாடி பால்கனியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏம்மா கோமளம், ராத்திரியானா அந்த லைட்டை அணைச்சுடுவேன்னு எனக்கு வாக்குக் குடுத்தியா இல்லையா? சனி, ஞாயிறு ரெண்டு ராத்திரியும் விடிய விடிய ரோஸ் கலர்ல எரியுது. நான் கண்ணு ஆபரேஷன் ஆனவ, எப்படித் தூங்கறது சொல்லு."

"அன்னம்மாக்கா, செடியே செத்துப்போச்சு. இப்பப் போய் லைட்டைப் பத்திப் பேசறீங்களே" என்று சொல்லிவிட்டுக் கோமளம் வெளிக்கதவைத் தள்ளினார்.

உத்தமன் அவர் பின்னாலேயே போனான். ஜோசஃபின் மட்டும் தெருவில் நின்று, அந்தப் பால்கனியையும் ஆய்வுக்கூடத்தின் மங்கலான கண்ணாடி ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வந்தார்.

அறைக்குள் வேகவைத்த கீரையின் வாடை அடித்தது. சுவரோரம் இரும்பு அலமாரிகளில் வரிசையாகப் புட்டிகள். எல்லாவற்றிலும் செடிகள் பழுப்பாகித் துவண்டு கிடந்தன. நடு அலமாரியின் மேல்தட்டில் இருந்த புட்டிகளில் 'மார்கழி' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. உத்தமன் அதில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அடியில் கூழ் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. அதன்மேல் ஒரு செத்த தண்டு சாய்ந்திருந்தது. கோமளம் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. திங்கட்கிழமையிலிருந்தே தன்னால் அந்த அலமாரி அருகே போக முடியவில்லை என்றார்.

மூலையில் ஒரு மேசை. அதன்மேல் கம்ப்யூட்டர். அதிலிருந்து ஒரு கேபிள் சுவரில் மாட்டிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் போனது. பெட்டியிலிருந்து தடித்த கம்பிகள் பிரிந்து, ஒன்று ஹீட்டருக்கும் ஒன்று ஃபேனுக்கும் ஒன்று விளக்குகளுக்கும் போயின. ஜோசஃபின் பெட்டியின் மூடியை விரலால் தடவிப் பார்த்தார். மேசையெல்லாம் படிந்திருந்த தூசி அதில் இல்லை.

ஷில்பா மாண்டியா பக்கத்துப் பெண். வீட்டில் கன்னடம், வேலையிடத்தில் கன்னடமும் தமிழும் கலந்து பேசுவாள்.

"திங்கட்கிழமை காலையில எட்டு மணிக்கு வந்தேன் மேடம். நரேஷ் சார் பூட்டைத் தெறந்துட்டு வண்டியை ஓரங்கட்டப் போனாரு. நான் கதவைத் தள்ளினேன். அப்பா, என்ன சூடு. உள்ளே ஒரே கத்தலு. பயந்துட்டேன். ஓடி வந்து சாரைக் கூப்பிட்டேன். அவரு, நீ வெளியவே நில்லு, ஷாக் அடிக்கும்னு சொல்லிட்டு, தான் மட்டும் உள்ள போய் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு வந்தாரு."

"அலாரம் கத்தியிருக்கு" என்று உத்தமன் ஜோசஃபினின் காதோரம் சொன்னான். "சூடு ஏறினது புரோகிராமுக்குத் தெரிஞ்சிருக்கு மேடம். தெரிஞ்சும் ஹீட்டரை அணைக்கலை."

ஜோசஃபின் அவனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அது ஆமோதிப்பா இல்லையா என்று அவனுக்குப் புரியவில்லை.

நரேஷ் நல்ல உயரம். பேச்சில் எப்போதும் ஒரு கனிவு இருந்தது. கோமளத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் அவர் உட்கார்ந்தார்.

"அந்தப் பையன் மேல பழி போடணும்னு எனக்கு ஆசையில்லைங்க. ஆனா நடந்ததைச் சொல்லணுமில்ல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் கவின் எனக்கு போன் பண்ணான். ரூம் சூடாவுது, ஹீட்டர் அணையலைன்னான். நான் அந்த நேரம் இங்கதான் வந்திருந்தேன். கதவுக் கண்ணாடி வழியா பாத்தேன். லைட்டு எல்லாம் ஜம்முனு எரிஞ்சிட்டிருந்தது, செடி பச்சைப்பசேல்னு நின்னுச்சு. கதவைத் தொட்டாச் சில்லுனு இருக்கு. தம்பி, உன் சென்சார்தான் போச்சு, திங்கட்கிழமை பாத்துக்கலாம்னு சொல்லிட்டுப் போயிட்டேன். அதுக்கு மேலதான் அவன் என்னவோ பண்ணியிருக்கான்."

"ஆனா கம்ப்யூட்டர் பதிவுல சனிக்கிழமை ராத்திரியிலிருந்தே சூடு ஏறியிருக்கே" என்றான் உத்தமன், திரையைப் பார்த்தபடி.

"பதிவை எழுதற புரோகிராமும் அவன் எழுதினதுதானே சார்" என்று நரேஷ் வருத்தத்தோடு சிரித்தார்.

அந்த நேரத்தில்தான் கவின் வந்தான். சட்டையை ஒழுங்காக உள்ளே விட்டு, தலை வாரி, இன்டர்வியூவுக்கு வந்தவன் மாதிரி வாசலில் நின்றான். ஆனால் கண்கள் இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். போலீஸில் புகார் போனால் புது வேலை தன் கைக்கு வராது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. கோமளத்துக்கு அவன் வணக்கம் சொன்னான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உத்தமன் அதற்குள் புரோகிராமை வரி வரியாகப் படித்து முடித்திருந்தான். அவன் தேடியது கிடைத்துவிட்டது.

"மேடம், இங்க பாருங்க. ஹீட்டரை அணைக்கிற இடத்துல இவன் 'லோ'ன்னு எழுதியிருக்கணும். 'ஹை'ன்னு எழுதியிருக்கான். ஹைன்னா மின்சாரம் போகுதுன்னு அர்த்தம். அதாவது, அணைக்கிறேன்னு வெளியில சொல்லிக்கிட்டு உள்ள போட்டு விட்டிருக்கான். ஞாயித்துக்கிழமை திரும்பத் திரும்ப ஆஃப், ஆஃப்னு அனுப்பியிருக்கான் பாருங்க. ஒவ்வொண்ணும் ஹீட்டரை எரிய விடற கட்டளை."

"அதைத்தான் நானும் சொன்னேன்" என்றார் கோமளம்.

கவின் கலங்கவில்லை. பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு பச்சைத் தகடு. அதன்மேல் தீப்பெட்டி அளவில் நீலக் கட்டிகள்.

"கம்ப்யூட்டர்ல இருந்து வர்றது துளியூண்டு மின்சாரம் சார். அதால ஹீட்டரை ஓட்ட முடியாது. அதனாலதான் நடுவுல இந்த ரிலே போர்டு. கம்ப்யூட்டர் கண்ணைக் காட்டும், இது பெரிய சுவிட்சைத் தட்டும். சில போர்டு 'ஹை' வந்தா சுவிட்சைப் போடும். சிலது 'லோ' வந்தாத்தான் போடும். இது ரெண்டாவது ரகமா வேலை செய்யுது. அதான் அணைக்கிறதுக்கு 'ஹை'. இப்பவே போட்டுக் காட்டட்டுமா?"

அவன் விசைப்பலகையில் தட்டினான். பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். ஹீட்டரின் கம்பிகள் மெல்லச் சிவந்தன. மறுபடி தட்டினான். 'டக்'. சிவப்பு அடங்கியது.

உத்தமனின் காதுமடல் சூடானது. தான் திரையில் பார்த்ததைக் கம்பியில் பார்க்கவில்லை என்பது அவனுக்கு உறைத்தது. ஆனாலும் விட மனமில்லை. "அப்ப அந்த அலாரம்? அது கத்தினப்ப நீ என்ன செஞ்சே?"

கவின் விழித்தான். "எந்த அலாரம் சார்? இந்த ரூம்ல அலாரமே கிடையாதே. சூடு ஏறினா என் போனுக்கு மெசேஜ் வரும், அவ்வளவுதான். வந்துச்சு. உள்ள நுழைஞ்சு பாத்தேன். புரோகிராம் சரியாத்தான் ஆஃப்னு சொல்லிக்கிட்டிருக்கு, ஆனா சூடு ஏறிக்கிட்டே போகுது. நானும் கையால ஆஃப், ஆஃப்னு அனுப்பினேன். மேடத்துக்கு அடிச்சேன், எடுக்கலை. நரேஷ் சாருக்கு அடிச்சேன். எல்லாம் சரியா இருக்கு, சென்சார்தான் கெட்டுப்போச்சுன்னாரு. நேர்ல நின்னு பாக்குறவர் சொல்றாரேன்னு நானும் நம்பிட்டேன்."

ஜோசஃபின் திறந்த பெட்டிக்குள் குனிந்தார். போர்டின் ஓரத்தில், அரிசியைவிடச் சற்றுப் பெரிய மஞ்சள் பிளாஸ்டிக் தொப்பி ஒன்று இரண்டு ஊசிகளைச் சேர்த்துக் கவ்வியிருந்தது. பக்கத்தில் ஓர் ஊசி தனியே நின்றது.

"இது என்னப்பா?"

"அதுதான் 'ஹை'யா 'லோ'வான்னு முடிவு பண்றது மேடம். ஜம்பர்னு சொல்லுவாங்க. இப்ப 'லோ' பக்கம் இருக்கு. இந்த போர்டு வாங்கி மாட்டின அன்னிக்கு அது அந்தப் பக்கம் இருந்ததைக் கவனிக்கலை. ஃபேனைப் போடுன்னா அணையுது, அணைன்னா ஓடுது. இவங்க எல்லாரும் இங்கதான் நின்னுக்கிட்டிருந்தாங்க. ஒரே சிரிப்பு."

ஷில்பாவும் நரேஷும் தலையசைத்தார்கள். அந்த நாளை நினைத்துக் கோமளத்தின் முகத்தில்கூட ஏதோ ஒன்று அசைந்து மறைந்தது.

"நான் எதிர்வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றார் ஜோசஃபின். "உத்தமன், அதுவரைக்கும் நீங்க அந்த மார்கழிப் புட்டிங்களைக் கொஞ்சம் பாத்துக்கிட்டிருங்க. வேற யாரும் தொட வேண்டாம்."

அவர் திரும்பி வருவதற்குள் உத்தமன் அந்தப் புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. தெளிந்த கூழ், செத்த தண்டு. அதில் தனக்கு என்ன தெரிய வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கிறார் என்பது அவனுக்குப் பிடிபடவில்லை. கவின் ஜன்னலோரம் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றான். சற்று முன்பு அவனைக் குற்றவாளி என்று எல்லார் முன்னாலும் சொன்னது உத்தமனை உறுத்தியது. "தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டான். கவின் வேண்டாம் என்று தலையாட்டினான்.

ஜோசஃபின் வந்ததும் எல்லாரையும் உட்காரச் சொன்னார். தான் மட்டும் அந்தப் பெட்டியருகே நின்றுகொண்டார்.

"முதல்ல ஒரு சொல்லைச் சரி பண்ணிடலாம். ஷில்பா, திங்கட்கிழமை கதவைத் தெறந்தப்ப உள்ள 'கத்தலு'ன்னு சொன்னியே. ஏதாவது சத்தம் கேட்டுதா?"

"சத்தமா? இல்லையே மேடம். கத்தலுன்னா..." அவள் கண்ணை மூடிக் காட்டினாள். "ஒண்ணும் சரியாத் தெரியலை. கதவுப் பக்கம் இருக்கிற டியூப் லைட்டை நான்தான் போட்டேன்."

"கன்னடத்துல கத்தலுன்னா இருட்டு, உத்தமன். நான் அல்சூர்ல பொறந்து வளர்ந்தவ, எனக்கு ரெண்டும் ஒரு காதுலதான் விழும். நீங்க தமிழ்க் காதால கேட்டுட்டீங்க." ஜோசஃபின் குரலில் கேலி இல்லை. "ஆக, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இந்த ரூம் இருட்டு. அந்த நேரத்துல செடிக்கான விளக்கு எரியணும். எரியலை. சனி, ஞாயிறு ராத்திரியில விளக்கு அணைஞ்சிருக்கணும். அன்னம்மாள் தூங்க முடியாத அளவுக்கு எரிஞ்சிருக்கு."

உத்தமன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "தலைகீழா" என்றான் மெதுவாக.

"ஆமா. விளக்கு தலைகீழ். ஹீட்டர் தலைகீழ், அணைன்னு சொல்லச் சொல்ல எரிஞ்சிருக்கு. ஃபேனும் தலைகீழ்தான், இல்லைன்னா ரூம் இவ்வளவு கொதிச்சிருக்காது. புரோகிராம் சொன்னதுக்கெல்லாம் இந்த அறை எதிரா நடந்திருக்கு." அவர் நகத்தால் அந்த மஞ்சள் தொப்பியைப் பிடுங்கி, பக்கத்து ஊசிக்கு மாற்றி மாட்டினார். பெட்டிக்குள் 'டக் டக்'கென்று சத்தம் கேட்டது; தலைக்கு மேல் எரிந்துகொண்டிருந்த ரோஜா நிற விளக்குகள் எல்லாம் அணைந்தன. ஹீட்டரின் கம்பிகள் சிவக்கத் தொடங்கின. "கவின், ஹீட்டரை அணை."

கவின் கட்டளை கொடுத்தான். ஹீட்டர் இன்னும் நன்றாகச் சிவந்தது. மறுபடி கொடுத்தான். அது பாட்டுக்கு எரிந்தது. அவன் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது.

"நான்... நான்தான் அணைச்சு அணைச்சு எரிச்சேனா மேடம்?"

"நீ அணைக்கத்தான் பாத்தே. எரிய வெச்சது இந்தத் தொப்பியை மாத்தின கை." ஜோசஃபின் அதைப் பழைய இடத்துக்கு மாற்றினார். விளக்குகள் மறுபடி எரிந்தன. "பொம்மனஹள்ளியில இருந்து கம்ப்யூட்டர்ல என்ன வேணும்னாலும் செய்யலாம். இந்தத் தொப்பியைக் கழட்டி மாட்ட முடியாது. அதுக்கு ஒரு ஆள் இங்க நிக்கணும்."

"தூரத்துல இருந்தே விளக்கையும் மாத்திப் போட்டிருக்கலாமே" என்றார் நரேஷ்.

"எதுக்கு? செடியைக் கொல்லணும்னு நினைக்கிறவனுக்கு ஹீட்டர் போதும். ராத்திரி விளக்கைப் போட்டு எதிர்வீட்டு அம்மாவை எழுப்பறதுல அவனுக்கு என்ன ஆதாயம்? வேண்டாதது எல்லாம் சேர்ந்து மாறியிருக்குன்னா, ஒவ்வொண்ணையும் யோசிச்சு யாரும் மாத்தலை. ஒரே இடத்துல கை வெச்சிருக்காங்க. ஹீட்டரை நினைச்சுத் தொப்பியை மாத்தினவருக்கு, அதே போர்டுலதான் விளக்கும் இருக்குங்கிறது மறந்துபோச்சு."

கோமளம் இப்போதுதான் முதன்முறையாகக் கவினைப் பார்த்தார்.

"இப்ப, மறந்தவர் யாருன்னு பாப்போம்" என்று தொடர்ந்தார் ஜோசஃபின். "ஞாயித்துக்கிழமை பகல் முழுக்க இந்த ஜன்னல் இருட்டா இருந்ததுன்னு அன்னம்மாள் இப்ப எனக்குச் சொன்னாங்க. பால்கனியில துணி காயப்போட்டுக்கிட்டே, ராத்திரி பூரா எரிச்சிட்டுப் பகல்ல அணைச்சு வெக்கிறாளே இவன்னு நினைச்சாங்களாம். ஆனா அதே மத்தியானம் நீங்க கண்ணாடி வழியா பாத்தப்ப விளக்கெல்லாம் ஜம்முனு எரிஞ்சுதுன்னு சொன்னீங்க, நரேஷ். பகல்னா விளக்கு எரியும்கிற வழக்கத்தை நம்பிச் சொல்லிட்டீங்க. வந்து பாத்திருந்தா இருட்டைத்தான் பாத்திருப்பீங்க. கதவும் சில்லுனு இருந்திருக்காது."

நரேஷின் முகத்தில் கனிவு அப்படியே இருந்தது. ஆனால் வலது கை முழங்காலைப் பிடித்து இறுக்கியது. "சரி, ஒத்துக்கறேன். நான் வரலை. லீவு நாள்ல அந்தப் பையன் தொந்தரவு பண்றானேன்னு சும்மா சொல்லிட்டேன். சோம்பேறித்தனம்தான். அதுக்காக நான் செடியைக் கொல்லுவேனா? அதுல எனக்கும் பங்கு இருக்குங்க."

"நீங்க கொல்லலை" என்றார் ஜோசஃபின்.

கோமளம் குழப்பத்தோடு அவரைப் பார்த்தார்.

"கோமளம், உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா இதை நீங்கதான் பாக்கணும். உத்தமன், அதுல ஒண்ணு குடுங்க."

உத்தமன் மார்கழிப் புட்டி ஒன்றை எடுத்து நீட்டினான். கோமளம் அதை இரண்டு கையாலும் வாங்கினார். முதலில் முகம் சுருங்கியது. பிறகு புட்டியை விளக்குக்கு நேராகத் தூக்கினார், திருப்பிப் பார்த்தார், கவிழ்க்கிற மாதிரிச் சாய்த்துப் பார்த்தார். எழுந்து அலமாரிக்குப் போய் இன்னொன்றை எடுத்தார். இன்னொன்றையும் எடுத்தார்.

"வேர் எங்கே?" என்றார்.

அப்போதுதான் உத்தமனுக்கு எல்லாம் விளங்கியது. அலுவலகத்தில் அவர் சொன்னது அவன் காதிலும் விழுந்ததுதான். புட்டி முழுக்க வேர், இடம் பத்தாமல் நின்றது. அவ்வளவு நேரம் தெளிந்த கூழையே பார்த்துக்கொண்டிருந்தும் அவன் அதைக் காணவில்லை.

"சூட்டுல செடி செத்தாலும் வேர் எங்கேயும் போகாது. பழுப்பாகி நூல் மாதிரி உள்ளேயே கிடக்கும்" என்றார் ஜோசஃபின். "இதுல கிடக்கிறது வேர் விடாத சாதாரண மல்லி. ஸ்டிக்கர் மட்டும் உங்களுது. உங்க செடியைத் திருடிட்டு, அந்த இடத்துல இதை வெச்சா, திங்கட்கிழமை காலையில வந்து பாத்ததுமே கண்டுபிடிச்சிடுவீங்க. ஆனா எல்லாம் வெந்துபோய்க் கிடந்தா, அழுதுட்டுத் திரும்பிக்குவீங்க. பக்கத்துல போய்ப் பாக்கக்கூட மனசு வராது. திருட்டை மறைக்கத்தான் இந்தச் சூடு. ஏற்கெனவே சண்டை போட்டுட்டுப் போற பையன் ஒருத்தன் இருந்தான், பழி போட வசதியா. சனிக்கிழமை கடைசியா பூட்டினவர் நீங்க, நரேஷ். திங்கட்கிழமை ஷில்பாவை வெளியில நிறுத்திட்டுத் தனியா உள்ள போய்த் தொப்பியைத் திருப்பி மாட்டினவரும் நீங்க. பெட்டி மேல தூசியைக் காணோம்."

நரேஷ் கோமளத்தின் பக்கம் திரும்பினார்.

"ஏழு வருஷம் நானும்தான் அலைஞ்சேன். ஒவ்வொரு கண்ணாடிப் புட்டியும் நான் சுமந்துக்கிட்டு வந்தது. ஆனா மலர்க் கண்காட்சியில இந்த மல்லியைப் பத்திப் பேசினப்ப ஒரு இடத்துலயாவது என் பேரைச் சொன்னீங்களா மேடம்? ஒரு பெரிய நர்சரிக்காரங்க என்னைக் கூப்பிட்டு, செடியைக் கொண்டு வாங்க, உங்க பேர்லயே விக்கலாம்னு சொன்னாங்க. என் பேர்லன்னு ஒருத்தர் சொல்லி நான் கேட்டதே அதுதான் மொதல் தடவை."

கோமளம் கையிலிருந்த புட்டியைக் கீழே வைத்தார். "என்கிட்ட கேட்டிருக்கலாமே நரேஷ். ஒரு வார்த்தை கேட்டிருந்தா மேடையில நிக்க வெச்சுச் சொல்லியிருப்பேன். அதை விட்டுட்டு, வேற ஒருத்தனோட பொழப்பைக் கெடுக்கப் பாத்தீங்களே." பிறகு கேட்டார்: "உயிரோட இருக்கா?"

"இருக்கு" என்றார் நரேஷ். "அல்சூர்ல என் வீட்டு மாடி ரூம்ல. விளக்கு போட்டு வெச்சிருக்கேன். ஒண்ணுகூட வாடலை."

நரேஷின் வீடு ஜோசஃபினின் அலுவலகத்துக்குப் பின்தெருவில்தான் இருந்தது. அதைக் கேட்டபோது உத்தமனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். கோமளத்தின் போனிலிருந்தே போலீஸ் நிலையத்துக்குத் தகவல் போனது. ஒரு தலைமைக் காவலர் நரேஷை ஜீப்பில் முன்னால் ஏற்றிக்கொண்டு போக, மற்றவர்கள் இரண்டு ஆட்டோக்களில் பின்தொடர்ந்தார்கள்.

போகும் வழியில் உத்தமனும் கவினும் ஒரே ஆட்டோவில் இருந்தார்கள். ட்ரினிட்டி சிக்னலில் வண்டி நின்றபோது உத்தமன் சொன்னான்: "அந்த வரியைப் படிச்சதும் நீதான்னு முடிவே பண்ணிட்டேன் கவின். அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சுடு."

"புரோகிராமை மட்டும் பாத்தா யாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க" என்றான் கவின். "நானே ரெண்டு நாளா அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். எங்கேயோ தப்பு பண்ணிட்டேன்னு நினைச்சேன். ரூமுக்கு வந்து விளக்கைப் பாக்கணும்னு எனக்கும் தோணலை."

மாடி அறையின் கதவைக் காவலர் திறந்தார். உள்ளே வெள்ளை வெளிச்சம். தரையில் விரித்த பிளாஸ்டிக் தாள் மேல் புட்டிகள் நெருக்கமாக நின்றன. ஒவ்வொன்றிலும் கரும்பச்சை இலைகள் மூடியை முட்டிக்கொண்டு நின்றன. கோமளம் உள்ளே போய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எதையும் எடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். ஷில்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்தாள். காவலரும் ஜோசஃபினும் வெளியிலேயே நின்றார்கள்.

வெகுநேரம் கழித்துக் கோமளம் திரும்பி, வாசலில் நின்ற கவினைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் புது வேலையில என்னிக்குச் சேரணும் நீ?"

"ஒண்ணாம் தேதி மேடம்."

"அதுவரைக்கும் வருவியா? நான் பேசினதுக்கெல்லாம் பிறகும்?"

கவின் செருப்பைக் கழற்றி வாசலோரம் விட்டான். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு உள்ளே வந்து குனிந்து முதல் புட்டியைத் தூக்கினான்.

"வராம? இவ்வளவையும் நீங்களும் ஷில்பாவுமா ஆட்டோவுல ஏத்துவீங்க?" என்றான். "முதல்ல ஒரு அட்டைப்பெட்டி யாராவது பாருங்க மேடம்."

உத்தமன் ஏற்கெனவே படியிறங்கிக்கொண்டிருந்தான்.